பழைய தண்டவாளத்தில் புதிய சேவை: நகரங்களுக்கு இடையிலான ரயிலை எப்படித் திட்டமிடுகிறார்கள்?

ரயில் சேவையை மேம்படுத்துவது என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது வேகம்தான். மணிக்கு 300 கிலோமீட்டர், கூர்மூக்கு வைத்த வண்டி, தூண்கள் மேல் போகும் புத்தம்புதுப் பாதை. அப்படிப்பட்ட பாதைகள் உலகில் இருக்கின்றன, நன்றாகவும் ஓடுகின்றன. ஆனால் பெரும்பாலான நகரங்களை இன்றும் இணைப்பது நூறு வருடத்துக்கும் மேலான சாதாரணத் தண்டவாளம்தான். கூட்ஸ் வண்டியும் பயணிகள் வண்டியும் அதில் மாறி மாறி ஓடுகின்றன. அதே தண்டவாளத்தில் இதைவிட நல்ல சேவை தர முடியுமா? முடியும். அதிவேகப் பாதைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே முடியும். ஆனால் அதற்கான திட்டமிடல் நாம் நினைப்பதற்கு நேர்மாறான வரிசையில் நடக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகளை அமெரிக்காவிலிருந்துதான் அதிகம் எடுத்திருக்கிறேன். இந்தப் பிரச்சினை அங்கேதான் மிகச் சிக்கலான வடிவத்தில் இருக்கிறது. பயணிகள் ரயில் நஷ்டத்தில் ஓடியதால் தனியார் ரயில் நிறுவனங்கள் அதைக் கைகழுவப் பார்த்தன. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் என்ற தேசியப் பயணிகள் ரயில் நிறுவனம் ஓடத் தொடங்கியது. வண்டி ஆம்ட்ராக்குடையது, தண்டவாளமோ பழைய நிறுவனங்களுடையது. பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலான பாதையில் பெரும்பகுதி பிற்பாடு ஆம்ட்ராக்கின் கைக்கு வந்தது. மற்ற இடங்களில் நிலைமை மாறவில்லை. ஆம்ட்ராக் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரத்தில் சுமார் 70 சதவீதம் இன்றைக்கும் பிறருக்குச் சொந்தமான பாதையில்தான்.

2021-ல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் ரயிலுக்காக 6,600 கோடி டாலர் ஒதுக்கியது. அதை ஒட்டி 2023 டிசம்பரில் 69 வழித்தடங்களை மத்திய அரசு திட்டமிடலுக்காகத் தேர்ந்தெடுத்தது. அதிவேகப் பாதைகள் அவற்றில் சில மட்டுமே. மற்றவை பெரும்பாலும் இருக்கிற பாதையில் வண்டிகளைக் கூட்டுவது, நின்றுபோன சேவையை மீட்பது, ஓடுகிற வண்டியை அடுத்த ஊர்வரை நீட்டிப்பது போன்ற யோசனைகள். ஆக, இருக்கிற பாதையைத் திட்டமிடுவது என்பது இப்போது அங்கே பெரிய வேலை.

யார் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள்

ஒரு வழித்தடத்தை இரண்டு முனை நகரங்களின் பெயரால் சொல்வது வழக்கம். சிகாகோ–செயின்ட் லூயிஸ் என்கிறோம். 457 கிலோமீட்டர். ஆனால் ஏறுகிற எல்லோரும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதில்லை. நடுவில் நார்மல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகம் இருப்பதால் வாரக் கடைசியில் மாணவர் கூட்டம் சிகாகோ பக்கம் கிளம்பும். அதற்கு அப்பால் ஸ்பிரிங்ஃபீல்டு. மாநிலத் தலைநகரம் என்பதால் அரசு வேலையாகப் போய்வருபவர்கள் உண்டு. இப்படி நடுவிலேயே ஏறி நடுவிலேயே இறங்குகிறவர்கள்தான் வண்டியின் இருக்கைகளைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். ஒரே பயணத்தில் இத்தனை ஊர்களிலும் விமானத்தால் நின்று நின்று போக முடியாது. ரயிலுக்கு ஒவ்வொரு நிறுத்தமும் மூன்று, நான்கு நிமிடச் செலவுதான்.

அதனால்தான் திட்டத்தின் முதல் வேலை தண்டவாளத்தை அளப்பது கிடையாது. வழியில் இருக்கும் எல்லா ஊர்களையும் ஜோடி ஜோடியாக எடுத்து, எந்த ஜோடிக்கு இடையே எத்தனை பேர் எந்த நேரத்தில் போய்வருகிறார்கள், இப்போது எதில் போகிறார்கள், காரில் எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பொதுவாக 150 முதல் 800 கிலோமீட்டர் வரையான தூரம் இந்த வகை ரயிலுக்குத் தோதானது. அதைவிடக் குறைவென்றால் கார் முந்திக்கொள்ளும், அதிகமென்றால் விமானம் முந்திக்கொள்ளும்.

பணம் யார் போடுவது என்பதும் தூரத்தை வைத்தே முடிவாகிறது. 2008-ல் வந்த சட்டத்தின்படி, பாஸ்டன்–வாஷிங்டன் வடகிழக்குத் தடம் நீங்கலாக, 750 மைலுக்கு, அதாவது சுமார் 1,200 கிலோமீட்டருக்குக் குறைவான தடங்களின் செலவை அந்தந்த மாநிலங்கள் ஏற்க வேண்டும். ஆகவே இந்தத் திட்டங்களின் உண்மையான முதலாளி மாநிலப் போக்குவரத்துத் துறைதான். ஒரு தடம் மூன்று மாநிலங்களைத் தொட்டால் மூன்று சட்டமன்றங்களும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். ஒன்று பின்வாங்கினாலும் வண்டி ஆட்டம் காணும்.

கால அட்டவணையிலிருந்து தொடங்குவது

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற யோசனை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 1987 டிசம்பர் 6 அன்று அந்நாட்டு மக்கள் ரயில் 2000 என்ற திட்டத்துக்கு வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு வேகம் என்பதுதான் அதன் கொள்கை.

அது நடைமுறையில் எப்படி இருந்தது என்று பார்ப்போம். சூரிச், பெர்ன் போன்ற பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை வண்டிகளும் கடிகாரத்தில் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும். பயணிகள் வண்டி மாறிக்கொள்ள வேண்டும். மணி அடித்துச் சில நிமிடத்தில் எல்லா வண்டிகளும் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் இப்படியே. இது நடக்க வேண்டுமானால் இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலான ஓட்ட நேரம் ஒரு மணிக்குச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். சூரிச்–பெர்ன் ஓட்டம் அப்போது 69 நிமிடம். அந்த ஒன்பது நிமிடக் கூடுதலால் பயணி அடுத்த வண்டியைத் தவறவிட்டு நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தது. ஆகவே மட்ஷ்டெட்டனிலிருந்து ரோத்ரிஸ்ட் வரை 45 கிலோமீட்டர் புதுப் பாதையை, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றபடி போட்டார்கள். 2004 டிசம்பர் 12 முதல் புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. சூரிச்–பெர்ன் ஓட்டம் 60 நிமிடத்துக்குள் அடங்கியது.

இன்னும் பணம் போட்டு அதை 45 நிமிடமாக்கி இருந்தால்? வண்டி 15 நிமிடம் முன்பே வந்து நிற்கும். இணைப்பு வண்டி அதே நேரத்துக்குத்தான் கிளம்பும். வண்டி மாறிப் போகிற பயணிக்கு அந்தக் கால் மணி நேரத்தால் எந்தப் பயனும் இல்லை. முதலில் எந்த நேரத்துக்கு எந்த வண்டி எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி, அந்த அட்டவணை கேட்கிற இடத்தில் மட்டும் கட்டுமானத்துக்குப் பணம் போடுவது என்பது இதுதான். அமெரிக்காவில் பல திட்டங்கள் தலைகீழாக நடந்திருக்கின்றன. மானியம் வந்ததும் எந்தப் பாலத்தைக் கட்டலாம், எந்த நிலையத்தைப் புதுப்பிக்கலாம் என்று பட்டியல் போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு வண்டி எத்தனை, எப்போது என்ற பேச்சு தொடங்கும்.

அடிக்கடி வண்டி விடுவதன் அருமையும் அட்டவணையில்தான் தெரியும். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரிலிருந்து சிகாகோவுக்குப் பல ஆண்டுகளாக நாளுக்கு ஒரே வண்டி. அதுவும் பசிபிக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டர் ஓடிவருகிற வண்டி என்பதால் கிழக்கு நோக்கி வரும்போது தாமதம் சர்வசாதாரணம். 2024 மே 21 அன்று, செயின்ட் பாலிலேயே கிளம்பும் இன்னொரு வண்டியை மூன்று மாநிலங்கள் சேர்ந்து தொடங்கின. புதுப் பாதை எதுவும் போடவில்லை, வேகமும் கூடவில்லை. ஆறு மாதத்துக்குள் ஒரு லட்சம் பேர் அதில் பயணித்துவிட்டார்கள். நேரத்துக்குக் கிளம்பும் இரண்டாவது வண்டி ஒன்று இருந்ததே போதுமானதாக இருந்தது.

நிமிடங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன

சரி, ஓட்ட நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. எங்கே கை வைப்பது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஊருக்குள் ஒரு 10 கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவு, பழைய பாலம், கைவிடப்பட்ட யார்டு, தண்டவாளம் பிரியும் இடத்தில் தேய்ந்த பாயிண்டுகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைக் கடக்க 15 நிமிடம். அங்கே வேகத்தை 80 ஆக்கினால் ஏழரை நிமிடம் மிச்சம். இப்போது திறந்த வெளிக்கு வருவோம். அங்கே வண்டி ஏற்கெனவே 130-ல் போகிறது. அதை 180 ஆக்கினால் 10 கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒட்டி. அதே ஏழரை நிமிடத்தைத் திறந்த வெளியில் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம், சிக்னல், லெவல் கிராசிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

மெதுவான இடத்தைச் சரிசெய்வதுதான் மலிவான நிமிடம். ஆனால் அதைப் படம் பிடித்துப் போட முடியாது. 40-லிருந்து 80 ஆனது என்று எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டுவதில்லை. 180 என்றால் செய்தி. இந்தக் கவர்ச்சியால் பணம் தவறான இடத்துக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சிகாகோ–செயின்ட் லூயிஸ் தடமே இதற்கு நல்ல பாடம். 2010-ல் வேலை தொடங்கியது. ஏறக்குறைய 200 கோடி டாலர் செலவில் தண்டவாளம், கான்கிரீட் ஸ்லீப்பர், சிக்னல், புதிய நிலையங்கள், நான்கு பக்கமும் மூடும் கேட்டுகள் எல்லாம் வந்தன. 2012 நவம்பரில் டுவைட்டுக்கும் பாண்டியாக்குக்கும் நடுவே ஒரு சிறு துண்டில் மட்டும் 110 மைல், அதாவது மணிக்கு 177 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடியது. தடத்தின் பெரும்பகுதியில் அந்த வேகம் வழக்கமானது 2023 ஜூன் 26-ல்தான். பயண நேரம் குறைந்தது சுமார் அரை மணி. இப்போது முழுத் தூரத்துக்கும் ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. சராசரி மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி.

உச்ச வேகம் 177 ஆக இருந்தும் சராசரி ஏன் அதில் பாதி? 177-ல் ஓடுவது ஜோலியட்டுக்கும் ஆல்டனுக்கும் இடையே. ஜோலியட்டிலிருந்து சிகாகோவுக்குள் நுழைவது வேறொரு நிறுவனத்தின் பாதை, அங்கே புறநகர் வண்டிகளும் கூட்ஸ்களும் நெருக்குகின்றன. மறுமுனையில் செயின்ட் லூயிஸுக்குள் போவதும் அதே கதை. ஸ்பிரிங்ஃபீல்டில் தண்டவாளம் ஊரின் நடுத்தெருவை ஒட்டிப் போவதால், அதைக் கிழக்கே உள்ள இன்னொரு பாதைக்கு மாற்றும் பெரிய வேலை தனியாக நடந்துவருகிறது. நடுப்பகுதி பறக்கிறது, இரண்டு முனைகளும் ஊர்கின்றன. இந்தத் திட்டத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பும் நம்பகமும் நிறையவே கூடியிருக்கின்றன. ஆனால் மிச்சமிருக்கும் நிமிடங்கள் முனைகளில்தான் இருக்கின்றன.

177 என்ற எண்ணுக்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பெரும்பாலான பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 79 மைல், அதாவது 127 கிலோமீட்டர். 1946 ஏப்ரலில் இல்லினாயின் நேப்பர்வில் ஊரில், நின்றுகொண்டிருந்த வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி மோதி 45 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 80 மைல் அல்லது அதற்கு மேல் ஓடும் வண்டிக்கு ஓட்டுநர் அறையிலேயே சிக்னல் காட்டும் அல்லது தானாக நிறுத்தும் கருவி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. கருவிக்குச் செலவழிக்க விரும்பாத நிறுவனங்கள் 79-ல் நிறுத்திக்கொண்டன. மேலே போனால் இன்னொரு சுவர்: 110 மைலைத் தாண்டினால் லெவல் கிராசிங்குகளில் வாகனத்தைத் தடுத்து நிறுத்தும் வலுவான தடுப்பு வேண்டும், 125 மைலைத் தாண்டினால் லெவல் கிராசிங்கே இருக்கக் கூடாது. விவசாய நிலத்தின் நடுவே ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சாலை குறுக்கிடும் இல்லினாயில் அத்தனைக்கும் மேம்பாலம் கட்ட யாரால் முடியும்? அதனால்தான் 110-ல் நின்றார்கள்.

ஒற்றைப் பாதையின் கணக்கு

விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் ஒற்றைப் பாதையில் பயணித்தவர்களுக்குக் கிராசிங் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்கும். எதிர் வண்டி வரும்வரை நிற்கும். அமெரிக்காவின் மாநிலத் தடங்களில் பலவும் ஒற்றைப் பாதைதான். அங்கும் இதே கதை.

இரண்டு பக்கமிருந்தும் மணிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு வண்டியில் உட்கார்ந்திருந்தால், எதிர் வண்டிகளை ஒவ்வொரு மணிக்கும் சந்திக்க மாட்டீர்கள், ஒவ்வொரு அரை மணிக்கும் சந்திப்பீர்கள். நீங்களும் நகர்கிறீர்கள், அவர்களும் உங்களை நோக்கி நகர்கிறார்கள் அல்லவா. ஆகவே ஒரு வண்டி ஒதுங்கி எதிர் வண்டிக்கு வழிவிடும் லூப் லைன்கள் சரியாக 30 நிமிட ஓட்டத் தூரத்தில் அமைய வேண்டும். ஒரு லூப் அந்த இடத்திலிருந்து 4 நிமிட ஓட்டம் தள்ளி இருந்தால், ஒரு வண்டி 4 நிமிடம் முன்பாகவும் மற்றது 4 நிமிடம் பின்பாகவும் அங்கே வந்து சேரும். முதலில் வந்தது 8 நிமிடம் சும்மா நிற்கும்.

இதில் பலரையும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. இரண்டு லூப்களுக்கு இடையே ஓட்டம் சரியாக 30 நிமிடம். யாரோ பணம் செலவழித்து வேகத்தைக் கூட்டி அதை 24 நிமிடமாக்குகிறார். லூப்பின் இடத்தை மாற்றவில்லை, வண்டிகளின் எண்ணிக்கையையும் மாற்றவில்லை. என்ன ஆகும்? வண்டி 6 நிமிடம் முன்பே லூப்புக்கு வந்து, எதிர் வண்டிக்காக அந்த 6 நிமிடமும் நிற்கும். செலவு செய்த காசு முழுக்க நின்றே கழிகிறது. அட்டவணையை முதலில் எழுதாமல் கட்டுமானத்தைத் தொடங்கினால் நடப்பது இதுதான்.

நல்ல திட்டமிடுபவர்கள் அந்தச் சந்திப்பு இடத்தில் குட்டி லூப்புக்குப் பதிலாக 10 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைப் பாதை போடச் சொல்வார்கள். காரணம் தாமதம். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிகளில் ஒன்று 5 நிமிடம் தாமதமாக வந்தால், சந்திக்கும் இடம் தாமதமான வண்டியின் பக்கமாக இரண்டரை நிமிட ஓட்டம், அதாவது 5 கிலோமீட்டர் நகரும். இரட்டைப் பாதை சந்திப்புப் புள்ளிக்கு இரு பக்கமும் ஐந்தைந்து கிலோமீட்டர் நீண்டிருந்தால், யாரும் நிற்காமலேயே வண்டிகள் கடந்துவிடும். ஒரு வண்டியின் தாமதம் எதிர் வண்டிக்குத் தொற்றாது. முழுப் பாதையையும் இரட்டையாக்கப் பணமில்லாத இடங்களில் இது அருமையான வழி.

அப்புறம் வண்டிகளின் எண்ணிக்கை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1 மணி 50 நிமிடம், திரும்பிக் கிளம்பத் தயாராக 10 நிமிடம் என்றால், போய் வந்து மீண்டும் கிளம்ப 4 மணி. மணிக்கொரு வண்டி விட 4 வண்டித் தொடர்கள் போதும். அதே ஓட்டம் 2 மணி 5 நிமிடம் என்றால் சுற்று நான்கரை மணியாகிவிடும். 5 தொடர்கள் தேவை. 15 நிமிடக் குறைப்புக்காக ஒரு வண்டித் தொடரும், அதற்கான ஊழியர்களும் மிச்சம். ஒரு வளைவைச் சரிசெய்யும் செலவை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்காமல் விலை அதிகம் என்று தள்ளிவிடக் கூடாது.

தண்டவாளத்தின் சொந்தக்காரர்

இவ்வளவையும் அழகாகக் காகிதத்தில் போட்டுவிட்டாலும், சிக்னலை யார் பச்சையாக்குவது? கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் கூட்ஸ் நிறுவனத்தின் ஊழியர். பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1973 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் மீறினால் வழக்குப் போடும் அதிகாரம் நீதித்துறை அமைச்சகத்திடம் மட்டுமே இருந்துவந்தது. அது அப்படி வழக்குப் போட்டது 1979-ல் ஒரு முறை, அதன் பிறகு 2024 ஜூலையில்தான்.

கூட்ஸ் நிறுவனங்களின் நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது அவர்கள் சொத்து, அதில் அவர்கள் தொழில் நடக்கிறது. 60-ல் ஊரும் கூட்ஸ்களுக்கு நடுவே 127-ல் ஒரு வண்டியை விட்டால், அந்த ஒரு வண்டிக்காகப் பல கூட்ஸ்கள் ஒதுங்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், அவர்கள் ஓட்டும் கூட்ஸ் வண்டிகள் நீண்டுகொண்டே போகின்றன. 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமான வண்டி பழைய லூப்பில் அடங்காது. அடங்காத வண்டி எப்படி ஒதுங்கும்? அதனால் பயணிகள் வண்டிதான் லூப்பில் போய் நிற்கிறது. சட்டம் எழுதிய முன்னுரிமை இப்படி லூப்பின் நீளத்திடம் தோற்றுப்போகிறது.

ஆகவே சொந்தக்காரரோடு பேரம் பேசுவதும் திட்டமிடலில் சேர்த்தி. எத்தனை வண்டி கூடுகிறது, அதனால் கூட்ஸுக்கு எவ்வளவு தாமதம் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். தாமதத்தை ஈடுகட்ட என்ன கட்ட வேண்டும் என்பதில் இழுபறி நடக்கும். 2005-ல் கத்ரீனா புயல் வளைகுடாக் கரையைச் சிதைத்த பிறகு நியூ ஆர்லியன்ஸுக்கும் அலபாமாவின் மொபைல் நகருக்கும் இடையே பயணிகள் வண்டி நின்றுபோனது. தண்டவாளம் சில மாதத்திலேயே சரியானது. பயணிகள் வண்டி திரும்பி வந்தது 2025 ஆகஸ்ட் 18 அன்று. இடையில் நடந்ததில் பெரும்பகுதி, நாளுக்கு இரண்டு ஜோடி வண்டிக்காக முன்கூட்டியே எவ்வளவு கட்ட வேண்டும் என்ற சண்டைதான். கடைசியில் மத்திய ஒழுங்குமுறை வாரியத்தின் முன் வழக்காகி, 2022-ல் சமரசம் ஆனது.

சண்டையே வழி என்று நினைத்துவிட வேண்டாம். கலிபோர்னியாவில் சான் ஹோசேக்கும் சாக்ரமெண்டோவுக்கும் இடையே ஓடும் கேப்பிட்டல் காரிடார் 1991 டிசம்பரில் நாளுக்கு மூன்று ஜோடி வண்டிகளோடு தொடங்கியது. பாதை பெரும்பாலும் கூட்ஸ் நிறுவனத்துடையது. 1998-ல் அந்த வட்டார மாவட்டங்கள் சேர்ந்து அமைத்த ஆணையம் பொறுப்பேற்றது. நேரத்துக்கு ஓட்டித்தந்தால் ஊக்கத்தொகை, கூடுதல் பராமரிப்புக்குத் தனிப் பணம் என்று சொந்தக்காரரோடு நல்லுறவை வளர்த்தது. 2006-ல் வார நாட்களில் 16 ஜோடி வண்டிகள் ஓடின. சொந்தக்காரருக்கும் லாபம் இருந்தால் சிக்னல் பச்சையாகிறது.

படிப்படியாக

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணமிருக்காது. முதலில் ஒரு வண்டி, அதற்குக் கூட்டம் சேர்ந்தால் அடுத்த கட்டுமானம், அதை வைத்து இன்னொரு வண்டி. இந்த முறைக்கு வர்ஜீனியாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

2009 அக்டோபர் 1 அன்று, பாஸ்டன் பக்கமிருந்து வாஷிங்டனோடு நின்றுவிடும் ஒரு வண்டியை லிஞ்ச்பர்க் வரை நீட்டித்தார்கள். இயற்கையழகு உண்டு, ஆனால் பெரிய நகரங்கள் கிடையாது. ஆளே வர மாட்டார்கள் என்றவர்கள் உண்டு. முதல் வருடத்திலேயே எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பயணிகள் வந்தார்கள். புது வண்டி வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டனில் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கக் கூடிய வண்டிதான் மேலும் சில மணி நேரம் ஓடியது. நியூயார்க் வரை வண்டி மாறாமல் போக முடிந்ததும் பெரிய காரணம். 2017 அக்டோபரில் அதே சேவை ரோனோக் வரை நீண்டது.

இப்படி வண்டிகள் கூடக் கூட எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டின. வாஷிங்டனுக்குத் தெற்கே பொட்டோமாக் ஆற்றின் மேல் 1904-ல் கட்டிய இரட்டைப் பாதைப் பாலம். தெற்கிலிருந்து வரும் நெடுந்தூர வண்டி, புறநகர் வண்டி, கூட்ஸ் எல்லாம் அந்த இரண்டு தண்டவாளத்தில்தான் நுழைய வேண்டும். தெற்கே நூறு கிலோமீட்டருக்குப் பாதையைச் செப்பனிட்டாலும் இந்தப் பாலத்தின் முன் வண்டி வரிசையில் நிற்கும். வர்ஜீனியா அரசு 2019 டிசம்பரில் ஒரு பெரிய முடிவை அறிவித்தது. கூட்ஸ் நிறுவனத்திடமிருந்து 350 மைல், சுமார் 560 கிலோமீட்டர் வழியுரிமையை, அதாவது பாதை போகும் நிலத்தை வாங்குவது, பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே பயணிகள் வண்டிக்கென்று தனியாக இரட்டைப் பாதைப் பாலம் கட்டுவது. மொத்தம் 370 கோடி டாலர் திட்டம். மாநிலமே தண்டவாளத்தின் சொந்தக்காரராகிவிட்டால் முன்னுரிமைக்காக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2030-ல் முடிப்பது திட்டம். முடிந்ததும் எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை வண்டி கூடும் என்பது, ஆற்றில் முதல் தூண் இறங்குவதற்கு முன்பே, 2021-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிட்டது.